பழைய யெஸ்டி டேங்கில் வெல்டிங் செய்வதற்கு முன் எதையெல்லாம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்?

இரட்டைச் சைலன்சர் (கேள்வி):

வணக்கம். 1980களில் மைசூரில் தயாரான யெஸ்டி ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். எஞ்சின், வயரிங், சக்கரங்கள் எல்லாம் முடிந்து, பெட்ரோல் டேங்க் மட்டும் மீதமிருக்கிறது. வண்டியோடு வந்த டேங்கின் அடித்தகடு கை வைத்தால் உதிரும் அளவுக்குத் துருவேறிவிட்டதால், புதுப்பேட்டையில் தேடி வேறொரு டேங்கை வாங்கினேன். அதன் இருபக்கக் குரோம் பூச்சும் நன்றாக இருக்கிறது, வடிவமும் கெடவில்லை. ஆனால் அது என் வண்டியின் மாடலுக்கு உரியதன்று என்பதால் அப்படியே பொருந்தவில்லை.

செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. பெட்ரோல் காக் திருகும் இடத்தை ஒட்டி அடி ஜாயிண்ட் நெடுகிலும் ஊசித்துளைகள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றினால் துளித்துளியாகக் கசிகிறது. பின்பக்கப் பிராக்கெட் ஒன்று அடியோடு விரிசல் விட்டிருக்கிறது. சட்டத்தின் மேற்குழாய் வந்து உட்காரும் அடிப்பள்ளம் குறுகலாக இருப்பதால், அதை வெட்டி இருபுறமும் கால் அங்குலம் விரித்து மீண்டும் மூட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் கேட்டபோது ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் போதும் என்றார் ஒருவர். டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெல்டிங் செய்தால் எதுவும் ஆகாது என்றார் இன்னொருவர். ஓடும் வண்டியின் சைலன்சரிலிருந்து ஒரு குழாயை டேங்குக்குள் விட்டு, புகையை நிரப்பிக்கொண்டு பற்றவைப்பதுதான் பாதுகாப்பு என்று மூன்றாமவர் உறுதியாகச் சொன்னார். டேங்க் பல மாதங்களாகக் காலியாகவே கிடக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்தால் பெட்ரோல் வாசனை ஏதும் தெரியவில்லை. இந்த நிலையில் எந்த முறையை நம்புவது, வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கோவைப் பட்டறை:

நண்பரே, எங்கள் பக்கத்தில் பல காலமாக நடைமுறையில் உள்ளதைச் சொல்கிறேன். டேங்கிலிருந்து காக், மூடி, மீட்டர் மிதவை இருந்தால் அது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சலவை சோடாவும் கொதிநீரும் ஊற்றி, சிறு சரளைக் கற்களைப் போட்டுக் குலுக்கி, தண்ணீர் தெளிவாக வரும் வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். பிறகு, பற்றவைக்க வேண்டிய இடம் மேலே வருமாறு டேங்கைச் சாய்த்து வைத்து, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, கேஸ் வெல்டிங்கில் பித்தளைக் கம்பியால் பற்றவைப்போம். தண்ணீர் நின்ற இடத்தில் ஆவி நிற்க முடியாது என்பதுதான் இதில் உள்ள விஷயம். மூடி வழி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். மூடிவிட்டால் ஆவி இல்லாத டேங்க்கூட நீராவியால் வெடிக்கும்.

சைலன்சர் புகை முறையையும் சிலர் செய்கிறார்கள். கரியமில வாயு உள்ளே நிறைந்துவிட்டால் தீப்பிடிக்க ஆக்சிஜன் இருக்காது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அவசரத்துக்கு அதுவும் உதவும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெறுமனே கழுவிக் காயவைத்து நேராகப் பற்றவைப்பதை நாங்கள் செய்வதில்லை; யாரும் செய்யவும் கூடாது.

ஆலைப் பாதுகாப்பு:

மேலே சொல்லப்பட்டவற்றில் கழுவும் முறையையும், திறப்புகளை மூடக் கூடாது என்பதையும் முழுமையாக ஏற்கிறேன். சைலன்சர் புகை முறையை மட்டும் ஏற்க இயலாது. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், காலி டேங்கில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை விளக்கிவிடுவது நல்லது.

திரவப் பெட்ரோல் எரிவதில்லை; காற்றோடு கலந்த அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தாலும் பற்றாது, 7.6 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலும் பற்றாது. பெட்ரோல் நிறைந்த டேங்கின் மேற்பகுதியில் ஆவி மிகுந்து காற்று குறைந்திருப்பதால், அங்கே கலவை பெரும்பாலும் அந்த மேல் எல்லையைத் தாண்டியே நிற்கும். வடித்துவிட்ட டேங்கில்தான் கலவை சரியாக இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே வந்து உட்காரும். பெட்ரோலை வடித்துவிட்டோம் என்பதால் ஆபத்து குறையவில்லை, கூடிவிட்டது.

எவ்வளவு பெட்ரோல் இதற்குப் போதும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 15 லிட்டர் கொள்ளளவில் 1.4 விழுக்காடு என்பது 210 மில்லிலிட்டர் ஆவி. அந்த ஆவியைத் தருவதற்குத் திரவமாக ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர், அதாவது இருபது சொட்டுப் பெட்ரோல் போதும். அடி ஜாயிண்டில் இரண்டு தகடுகள் மடிந்து சேரும் இடுக்கிலும், துருவின் நுண்துளைகளிலும், பழைய பெட்ரோல் உலர்ந்து படிந்த பிசினிலும் இதைப்போலப் பல மடங்கு தங்கியிருக்கும். அது வெளியே வரக் காத்திருப்பது சூட்டுக்காகத்தான். பெட்ரோல் −40 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே பற்றக்கூடிய ஆவியைத் தரும் பொருள் என்பதால், நம் ஊர் வெப்பத்தில் 'ஆறிவிட்டது, இனி ஆவி வராது' என்று சொல்வதற்கு இடமே இல்லை.

உங்கள் டேங்குக்குத் தனியாக ஒரு சிக்கலும் உண்டு. யெஸ்டி இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. அதில் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவார்கள். பல ஆண்டுகளில் அந்த எண்ணெய் டேங்கின் உட்சுவர் முழுவதும் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். சாதாரண வெப்பத்தில் அது ஆவியாகாது, ஆகையால் மூக்குக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது. வெல்டிங்கின் சூடு பட்டவுடன் மறுபக்கத்தில் அது புகைந்து, எரியக்கூடிய ஆவியை அந்த நொடியிலேயே உண்டாக்கும். வாசனை இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை இந்தக் காரணத்தால்தான் நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதோடு, பெட்ரோல் வாசனையை முகர்ந்துகொண்டே இருப்பவரின் மூக்கு சில நிமிடங்களில் மரத்துப்போய்விடும்.

இப்போது சைலன்சர் புகைக்கு வருகிறேன். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த வாயுவை வெளியே தள்ளுவதே புதிதாக உள்ளே வரும் பெட்ரோல்-காற்றுக் கலவைதான். அந்தக் கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியேறிவிடுகிறது. ஆகவே உங்கள் யெஸ்டியின் புகையை டேங்குக்குள் விட்டால், எரியாத பெட்ரோலையும் எண்ணெயையும் கொஞ்சம் ஆக்சிஜனையும் நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள். நான்கு ஸ்ட்ரோக் வண்டியின் புகையில் ஆக்சிஜன் குறைவு என்பது உண்மைதான் என்றாலும், ஐடிலில் ஒழுங்கில்லாமல் ஓடும் எஞ்சினில் அது எவ்வளவு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதன் கார்பன் மோனாக்சைடு, டேங்கின் மேல் குனிந்து வேலை செய்பவரின் முகத்துக்கு நேராக வரும். அளக்க முடியாத ஒன்றின் மேல் உயிரை வைக்கும் முறை அது.

நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான். முதலில் டேங்கைத் திறந்த வெளியில், நெருப்போ மின் சுவிட்சோ அருகில் இல்லாத இடத்தில் முழுவதும் வடியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தூரத்தில் உள்ள அடுப்பைக்கூடத் தொடும் என்பதால், வீட்டுக் கார் நிறுத்துமிடமும் கிணற்றடிப் பள்ளமும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. அடுத்து, சலவை சோடாவோ வலுவான டிடெர்ஜென்ட்டோ கலந்த நீரை எண்பது தொண்ணூறு டிகிரிச் சூட்டில் விளிம்புவரை நிரப்பி, ஆறும்போதெல்லாம் மாற்றி, பல மணி நேரம் ஊறவிடுங்கள். நீராவி அடிக்கும் வசதி இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. டேங்க் முழுவதும் கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்து, அதன் அடி வழியாக எண்ணெய்ப் பிசுக்கு ஒழுகி, பிறகு வெறும் நீர் மட்டுமே சொட்டும் வரை அடிக்க வேண்டும். காஸ்டிக் சோடா இரும்பு டேங்குக்கு நன்றாக வேலை செய்யும் என்றாலும் கண்ணைப் பறித்துவிடக்கூடியது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். அலுமினிய டேங்காக இருந்தால் அதை ஊற்றவே கூடாது, ஏனெனில் அலுமினியத்தோடு சேர்ந்து அது ஹைட்ரஜனை வெளிவிடும்.

கழுவி உலர்த்திய டேங்கை உடனே சோதிக்காமல், திறப்புகளை மூடி ஓர் இரவு வைத்து, மறுநாள் வெயிலில் சூடேறிய பிறகு எரிவாயு அளவியின் (எரியக்கூடிய ஆவி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி) குழாயை உள்ளே அடிவரை விட்டுப் பாருங்கள். இடுக்கில் தங்கியிருந்தது அப்போதுதான் வெளியே வரும். அளவி பூஜ்யம் காட்ட வேண்டும்; கொஞ்சமாவது அசைந்தால் மறுபடியும் கழுவும் வேலைதான். இந்தக் கருவி எல்லாப் பட்டறையிலும் இருக்காது, ஆனால் தொழிற்பேட்டைப் பகுதிகளில் பாதுகாப்புக் கருவிகளை வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

சோதனைக்குப் பிறகுதான் மந்த வாயுவை, அதாவது எதனோடும் சேர்ந்து எரியாத வாயுவை, நிரப்பி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவது. நீங்கள் ஆர்கான் வெல்டிங் செய்யும் கடைக்குப் போவதாக இருந்தால் சிலிண்டர் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஆர்கான் காற்றைவிடக் கனமானது என்பதால், குழாயை டேங்கின் அடிவரை விட்டு, மேலே ஒரு திறப்பைத் திறந்து வைத்து மெதுவாக நிரப்ப வேண்டும்; வேகமாக அடித்தால் காற்றோடு கலந்துவிடும். 15 லிட்டர் டேங்குக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்ற அளவில் எட்டு நிமிடம் விட்டால், டேங்கின் கொள்ளளவைப்போல் ஐந்து மடங்கு வாயு கடந்துவிடும். ஆக்சிஜன் மீட்டர் கிடைத்தால் 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வெல்டிங் நடக்கும்போதும் சிறு ஓட்டம் நிற்காமல் இருக்கட்டும்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. வழக்கமான எரிவாயு அளவி, உள்ளே ஒரு சிறு கம்பிச்சுருளில் வாயுவை எரித்துப் பார்த்தே அளவைச் சொல்கிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆர்கான் நிரப்பிய பிறகு அதை உள்ளே விட்டால், எவ்வளவு ஆவி இருந்தாலும் பூஜ்யத்துக்கு அருகில் காட்டி ஏமாற்றிவிடும். ஆகவே அளப்பது முதலில், ஆர்கான் பிறகு. இன்னொன்று, ஆர்கானைக் கழுவுவதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். கழுவியதில் எங்கோ விட்டுப்போன சிறு எச்சத்துக்கான காவல்தான் அது. உலர்பனிக்கட்டியும் இதே வேலையைச் செய்யும், ஒரு கிலோ உருகாமலேயே ஆவியாகி ஐந்நூறு லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடைத் தரும். ஆனால் இரண்டு வாயுக்களுமே அடைத்த அறையில் மனிதருக்கும் மூச்சில்லாமல் செய்துவிடும். காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் ஆக்சிஜன் சிலிண்டரால் டேங்கை ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். கேஸ் வெல்டிங் பட்டறைகளில் கைக்கு எட்டும் தூரத்தில் அந்தக் குழாய்தான் இருக்கும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

தகட்டு வேலை:

பாதுகாப்பைப் பற்றி மேலே உள்ளவர் எழுதியதில் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் மூன்று வேலைகளில் அச்சுறுத்துவது போலத் தெரிவது அடிப்பள்ளத்தை வெட்டி விரிப்பது. உண்மையில் மூன்றிலும் அதுதான் ஆபத்து குறைந்தது. ஏனெனில் அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டால் டேங்க் ஒரு திறந்த பாத்திரமாகிவிடுகிறது. உள்ளே கை விட்டுத் துருவைச் சுரண்டலாம், துணியால் துடைக்கலாம், ஜாயிண்டின் உட்புறத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆளைக் கொல்வது பெரும்பாலும் 'ஒரே ஒரு ஊசித்துளைதானே' என்று மூடிய டேங்கில் வைக்கும் ஒரு புள்ளி வெல்டிங்தான். எனவே முதலில் வெட்டும் வேலையை வைத்துக்கொண்டு, ஊசித்துளைகளையும் பிராக்கெட்டையும் டேங்க் திறந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள். கடைசியாக மூடும் ஜாயிண்டுக்கு மட்டும் ஆர்கான் நிரப்பல் தேவைப்படும்.

ஆனால் அந்த முதல் வெட்டு மூடிய டேங்கில்தான் விழுகிறது என்பதை மறக்கக் கூடாது. கிரைண்டர் வைத்து வெட்டுவதும் வெல்டிங்குக்கு நிகரான நெருப்பு வேலைதான்; அதன் பொறி ஒன்று போதும். கழுவி, அளவியில் பூஜ்யம் பார்த்த பிறகும், டேங்க் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு கைத்துரப்பணத்தால் மெதுவாக ஒரு துளை போட்டு, தண்ணீரை வடித்துவிட்டு, அங்கிருந்து தகடு வெட்டும் கத்தரியால் வெட்டிச் செல்லுங்கள். மின்சாரத் துரப்பணத்தைத் தண்ணீரோடு சேர்க்க வேண்டாம். வேலை மெதுவாக நடக்கும், விளிம்பும் சற்று நெளியும். நெளிந்ததை டிங்கரிங் சுத்தியலால் நேராக்கிக்கொள்ளலாம்.

ஊசித்துளை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. துரு உட்புறத்திலிருந்து அரித்துக்கொண்டு வருவதால், வெளியே ஓர் ஊசிமுனை தெரிந்தால் அதைச் சுற்றி விரலகலத்துக்குத் தகடு காகிதமாக மெலிந்திருக்கும். அதன் மேல் ஆர்க் (வெல்டிங்கின் மின்சுடர்) வைத்தால் துளை மூடாது, பெரிதாகும். அதை மூட முயன்றால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். கூர்மையான கம்பியால் குத்திப் பார்த்து, உறுதியான தகடு எங்கே தொடங்குகிறதோ அதுவரை வெட்டி எறிந்துவிட்டு, 20 கேஜ் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய இரும்பு) தகட்டில் புது ஒட்டு வெட்டி, மேலே ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைப்பதுதான் நிலைக்கும். மேலே ஏற்றி வைத்த ஒட்டின் இடுக்கில் நீர் தங்கி மறுபடியும் துருவேறும்.

முறையைப் பொறுத்தவரை, இந்த மெல்லிய தகட்டுக்கு ஆர்கான் வெல்டிங்தான் என் தேர்வு. 1.6 மில்லிமீட்டர் டங்ஸ்டன் மின்முனையில், 25 முதல் 40 ஆம்பியர் போதும். ஒரே மூச்சில் ஓட்டாமல், ஓர் அங்குல இடைவெளியில் புள்ளிகள் வைத்து, ஒருமுறை இந்தப் பக்கம் மறுமுறை அந்தப் பக்கம் என்று மாறி மாறிச் சிறு துண்டுகளாக நிரப்பினால் தகடு முறுக்கிக்கொள்ளாது. பின்னால் ஒரு செம்புப் பட்டையை வைத்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். கோவை நண்பர் சொன்ன பித்தளைப் பற்றும் தகுதியானதே, தண்ணீர் நிரப்பிய டேங்கில் அதற்கு மாற்றும் குறைவு. ஆனால் ஒருமுறை பித்தளையோ ஈயமோ பட்ட இடத்தில் பிறகு ஆர்கான் வெல்டிங் செய்தால், உருகிய பித்தளை இரும்புக்குள் ஊடுருவி விரிசல் விடும். இந்த டேங்கில் முன்பு யாராவது பித்தளை வைத்திருக்கிறார்களா என்று பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். இருந்தால், அந்தப் பகுதியை வெட்டி நீக்குவது அல்லது அங்கே மட்டும் பித்தளையிலேயே தொடர்வது என்ற இரண்டு வழிகள்தான் உண்டு. மேலே எம்-சீல் (கசிவை அடைக்கும் எபாக்சி மாவு) அப்பியிருந்தால் அதையும் முழுவதும் எடுத்துவிட வேண்டும். அதன் அடியில் பெட்ரோல் தங்கியிருக்கும்.

தண்ணீர் நிரப்பி ஆர்கான் வெல்டிங் செய்வது மட்டும் சரிவராது. வெல்டிங் இடத்துக்கு அருகில் தண்ணீர் நின்றால் நீராவி உருகிய உலோகத்துக்குள் புகுந்து நுண்துளைகளை உண்டாக்கும். கசிவை நிறுத்தப் போய்க் கசிவை வாங்கி வருவோம்.

பிராக்கெட் விரிசலுக்குக் காரணம் பழுதான ரப்பரும் எஞ்சின் அதிர்வும்தான். விரிசலை மட்டும் நிரப்பினால் அதன் ஓரத்திலேயே மறுபடி விடும். டேங்கின் தகட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே, மூலைகள் வளைந்த ஓர் அகலமான பட்டையை வைத்துச் சுமையைப் பரப்புங்கள். புது ரப்பர் போடாமல் டேங்கை ஏற்றாதீர்கள். பள்ளத்தை விரிக்கும் அளவை அட்டையில் வெட்டி, ஹேண்டிலை இருபக்கமும் முழுவதும் திருப்பி, கேபிள்களும் வயர்களும் நசுங்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தகட்டுக்கு வாருங்கள். பெட்ரோல் தானாக இறங்கி கார்புரேட்டருக்குப் போக வேண்டியிருப்பதால், காக் இருக்கும் மூலை டேங்கின் மிகத் தாழ்ந்த இடமாகவே நீடிக்க வேண்டும். குரோம் பூச்சின் மேல் வெல்டிங் வரக் கூடாது. அந்தப் புகை மிகக் கெட்டது, பூச்சும் நீலம் பாய்ந்து உரியும். உங்கள் வேலை எல்லாம் அடியில் என்பதால் அது பிழைத்தது.

இரட்டைச் சைலன்சர்:

மூவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி அடிப்பக்கப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். காக் அருகே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பழைய பித்தளைப் பற்று இருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுவதாக இருக்கிறேன். கூடவே இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. துருவை நீக்கக் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றலாம் என்று டேங்கை விற்றவர் சொன்னார். அதைக் கழுவும் வேலையோடு சேர்த்துச் செய்யலாமா? வேலை முடிந்ததும் உட்புறம் எபாக்சி பூச வேண்டுமா?

ஆலைப் பாதுகாப்பு:

ஆசிட்டைத் தவிர்த்துவிடுங்கள். கழிப்பறை ஆசிட் என்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவைத் தின்ற பிறகு நிற்காமல் இரும்பையும் தின்னும், அப்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகும். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்தாலும் பற்றக்கூடியது. பெட்ரோலுக்குச் சொன்ன குறுகிய இடைவெளி அதற்கு இல்லை. பெட்ரோலை முழுவதும் நீக்கிய டேங்கில் புதிதாக ஒரு வெடிவாயுவை நாமே தயாரித்து வைத்ததாகிவிடும். சிட்ரிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ மெதுவாக வேலை செய்யும், தகட்டையும் அவ்வளவு கெடுக்காது. அவையும் கொஞ்சம் ஹைட்ரஜனை விடக்கூடியவை என்பதால் மூடியைத் திறந்தே வைத்து ஊறவிட்டு, பிறகு சோடா நீரால் அலசி, நன்றாகக் காற்று பாய்ச்சி, மீண்டும் அளவியில் பார்த்த பின்னரே நெருப்பை அருகில் கொண்டுவர வேண்டும். உங்கள் டேங்க் எப்படியும் திறக்கப்படப் போவதால், துருவின் பெரும்பகுதியைக் கம்பித்தூரிகையாலேயே எடுத்துவிடலாம்.

இதோடு சேர்ந்த இன்னோர் ஆபத்து: வெல்டிங்குக்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பிரேக் கிளீனர் ஸ்பிரேயைப் பயன்படுத்தும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் உள்ள வகைகள் உண்டு. அந்த ஆவி ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகலாம். முதலில் லேசான இருமலோடு விட்டுவிட்டு, மணிக்கணக்கு கழித்து நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும் வாயு அது. டப்பாவில் குளோரின் பெயர் இருந்தால் அதை அந்த அறைக்கே கொண்டுவராதீர்கள். அசிட்டோனால் துடைத்து, அது முழுவதும் உலர்ந்த பிறகு தொடங்கினால் போதும்.

எபாக்சிப் பூச்சு கடைசி வேலை. சோதனையெல்லாம் முடிந்த பிறகுதான். பூசிய டேங்கில் பிறகு வெல்டிங் செய்ய நேர்ந்தால், பூச்சு கருகி நச்சுப்புகை விடும், அதன் அடியில் பெட்ரோலையும் ஒளித்துவைக்கும். இப்போது இந்தியா முழுவதும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே கிடைப்பதால், எத்தனாலைத் தாங்கும் என்று தெளிவாக எழுதியிருக்கும் பூச்சை மட்டும் வாங்குங்கள். பழைய வகைப் பூச்சுகள் அதில் இளகி, தோலாக உரிந்து கார்புரேட்டரை அடைத்துவிடும். தகடு உறுதியாக இருந்து, துரு முழுவதும் போய்விட்டால், பூசாமலேயே விடுவது என் விருப்பம்.

கோவைப் பட்டறை:

இரண்டு ஸ்ட்ரோக் புகையில் எரியாத பெட்ரோல் இருக்கிறது என்ற விளக்கம் நியாயமானது; அந்த முறைக்கு நான் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். வேலை முடிந்த பிறகு கசிவு பார்ப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காற்றும் சோப்பு நுரையும் வைத்துப் பாருங்கள். எல்லாத் திறப்பையும் அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாக அடித்தால் போதும், கம்ப்ரசரை மாட்டாதீர்கள். டேங்கின் அடித்தகடு சதுரமாக 300 சதுர சென்டிமீட்டர் இருந்தால், 3 பி.எஸ்.ஐ. காற்றே அதன் மேல் அறுபது கிலோவுக்கு மேல் தள்ளும். அதற்கு மேல் போனால் அழகாகப் பொருத்திய பள்ளம் உப்பிக்கொண்டு, குரோம் பக்கமும் வளைந்துவிடும். நுரை எங்காவது குமிழியிட்டால் குறித்துக்கொண்டு, காற்றை முழுவதும் இறக்கிவிட்டு மறுபடி பற்றவையுங்கள். அழுத்தம் இருக்கும் டேங்கில் ஆர்க் வைக்கக் கூடாது.

நுரைச் சோதனையில் தேறிய பிறகு மண்ணெண்ணெய்ச் சோதனை. வெல்டிங் ஓட்டத்தின் வெளிப்பக்கம் முழுவதும் சுண்ணாம்பைக் குழைத்து மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, உள்ளே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, ஜாயிண்ட் நனையுமாறு சாய்த்து ஓர் இரவு வையுங்கள். நுரையில் தெரியாத நுண்துளையிலும் மண்ணெண்ணெய் ஊர்ந்து வந்து வெள்ளையில் கறை காட்டும். இந்தச் சோதனையைக் கடைசியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மண்ணெண்ணெய் உள்ளே போன நொடியிலிருந்து அது மறுபடியும் எரிபொருள் இருந்த டேங்க். கறை தெரிந்தால் 'ஒரு புள்ளிதானே' என்று டார்ச்சை எடுக்காமல், சோடாவும் வெந்நீரும் கொண்டு கழுவுவதிலிருந்து அளவிவரை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பற்றவைப்பவரிடம் டேங்கைக் கொடுக்கும்போது, உள்ளே எண்ணெய் கலந்த பெட்ரோல் இருந்தது, எப்படிக் கழுவினீர்கள், எப்போது அளந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி டேங்கிலேயே கட்டிக் கொடுங்கள். கடையில் வாங்கி வைப்பவர் ஒருவராகவும், மாலையில் எடுத்துப் பற்றவைப்பவர் வேறொருவராகவும் இருப்பது எங்கள் தொழிலில் சாதாரணம்.